ஜெர்மன் கருத்துமுதல்வாதமும் அமெரிக்க பிராக்மாட்டிசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எட் படிக்கும்போது இலட்சியவாதம் ஒரு பக்கம், பயன்வழிவாதம் அதற்கு எதிர்ப்பக்கம் என்றுதானே படித்தோம்? ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்றால் நம்ப முடியவில்லையே?

தேர்வு எழுத அந்தப் பிரிப்பு வசதியானது. வரலாறு அப்படி நடக்கவில்லை. பாடத்தில் இலட்சியவாதம் என்று வருவதைத் தத்துவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கருத்துமுதல்வாதம் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பயன்வழிவாதத்தைப் பிராக்மாட்டிசம் என்றே வைத்துக்கொள்வோம்.

பிராக்மாட்டிசத்தைத் தொடங்கிவைத்த சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (பியர்ஸ் என்றும் தமிழில் எழுதுகிறார்கள்) இளம்வயதில் ஜெர்மன் தத்துவவாதி காண்டைக் கரைத்துக் குடித்தவர். ஜான் டூயி முப்பது வயது வரைக்கும் வெளிப்படையான ஹெகல்வாதி, அதாவது காண்டுக்குப் பின்வந்த ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் வழியில் நின்றவர். ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் ஜெர்மனிக்கே போய்ப் படித்தவர். வில்லியம் ஜேம்ஸ் ஒருவர்தான் ஹெகலோடு கடைசிவரை மல்லுக்கு நின்றார், அந்தச் சண்டையிலும் அவர் எதிராளியிடமிருந்து எடுத்துக்கொண்டது ஏராளம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவது என்பது மனம் செய்கிற ஒரு வேலை, அந்த வேலை தனியொருவரின் தலைக்குள் முடிவதில்லை, அது காலப்போக்கில் வளர்கிறது: இந்த மூன்றையும் அமெரிக்கர்கள் ஜெர்மானியரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அந்த மூன்றுக்கும் ஜெர்மானியர் கொடுத்திருந்த உத்தரவாதத்தை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

கருத்துமுதல்வாதம் என்றால் உலகமே நம் மனசுக்குள்தான் இருக்கிறது என்பதுதானே?

இல்லை. காண்டையே அப்படிப் புரிந்துகொண்டவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. 1781-ல் வந்த 'தூய அறிவின் விமர்சனம்' என்ற தன் பெரிய நூலின் இரண்டாம் பதிப்பில், 1787-ல், அந்த மாதிரிக் கருத்துமுதல்வாதத்தை மறுத்துத் தனிப்பகுதியே சேர்த்தார்.

காண்ட் சொன்னது வேறு. மனம் வெளியிலிருந்து வருவதைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளும் வெற்றுத்தாள் கிடையாது. காரணமும் விளைவும், ஒன்றும் பலவும், பொருளும் அதன் பண்பும் ஆகிய வடிவங்களை மனம்தான் கொண்டுவருகிறது. புலன்கள் தருவது அந்த வடிவங்களுக்குள் வந்தபிறகுதான் அது அனுபவமாகிறது. இதற்கெல்லாம் அப்பால், நம் அறிவுக்கு எட்டாமல், தன்னளவில் பொருள் எப்படி இருக்கிறதோ அது இருக்கிறது என்றும் அவர் வைத்திருந்தார். பின்னால் வந்த ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் மூவருக்கும் இந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் சிக்கிய முள். எட்டவே எட்டாத ஒன்று இருக்கிறது என்று மட்டும் எப்படித் தெரியும்?

ஹெகல் 1807-ல் வெளியான நூலின் தொடக்கத்தில் ஒரு சின்னச் சோதனை வைக்கிறார். 'இப்போது என்ன?' என்று கேட்டால், 'இப்போது இரவு' என்கிறோம். நேரடியாகக் கண்ணால் பார்த்த உண்மை, இதைவிட உறுதியானது எது? சரி, அதை எழுதி வையுங்கள் என்கிறார், எழுதி வைப்பதால் உண்மை கெட்டுப்போகாதே. மறுநாள் நண்பகலில் எடுத்துப் பார்த்தால் அந்த வாக்கியம் ஊசிப்போயிருக்கிறது. மிக நேரடியானது என்று நினைத்த அறிவுகூட 'இப்போது', 'இங்கே' போன்ற பொதுவான சொற்களின் துணையில்லாமல் நிற்கவில்லை. இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்கர்கள் திரும்பத் திரும்ப இதே இடத்துக்கு வருவார்கள்.

பிராக்மாட்டிசம் என்பது 'வேலைக்கு ஆவதுதான் உண்மை' என்ற வியாபாரப் புத்திதானே?

அப்படி நினைக்க வைத்ததில் ஜேம்ஸின் பேச்சுநடைக்கும் பங்கு உண்டு. உண்மைக்கு 'ரொக்க மதிப்பு' என்ன என்றெல்லாம் கேட்பார், எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மூலக்கருத்து 1878-ல் பர்ஸ் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. வைரம் கடினமானது என்கிறோம், அதற்கு என்ன பொருள்? வேறு எத்தனையோ பொருட்களால் கீறினாலும் அதன்மேல் கோடு விழாது என்பதுதான். அப்படி எதிர்பார்க்கக்கூடிய விளைவுகளையெல்லாம் எடுத்துவிட்டால் 'கடினம்' என்ற கருத்தில் மிச்சம் எதுவுமில்லை. லாபத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இது ஒரு கருத்தின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ளும் முறை.

'பிராக்மாட்டிசம்' என்ற பெயரே காண்டிடமிருந்து வந்தது என்கிறார்களே?

ஆமாம், பர்ஸே 1905-ல் எழுதியிருக்கிறார். நண்பர்கள் சிலர் வேறு பெயர் வைக்கச் சொன்னார்களாம். காண்டிடம் தத்துவம் கற்ற எனக்கு 'நடைமுறை' என்று காண்ட் சொல்வதும் 'பிராக்மாட்டிக்' என்று அவர் சொல்வதும் இரண்டு துருவங்கள் என்று மறுத்துவிட்டார். முதலாவது ஒழுக்கத்தின் முழுமுதற் கட்டளைகள் ஆளும் இடம், அங்கே சோதனை செய்து பார்க்க எதுவுமில்லை. இரண்டாவது ஒரு குறிக்கோளை வைத்துக்கொண்டு, அதற்கான வழியைத் தேடி, தவறினால் திருத்திக்கொள்ளும் இடம்.

காண்டின் நூலில், கிட்டத்தட்ட கடைசிப் பக்கங்களில், இதற்கு ஒரு உதாரணம் வருகிறது. நோயாளி ஆபத்தான நிலையில் இருக்கிறார், மருத்துவர் ஏதாவது செய்தே ஆகவேண்டும். என்ன நோய் என்று அவருக்குத் தெரியவில்லை. அறிகுறிகளைப் பார்க்கிறார், இதைவிட நல்ல விளக்கம் கையில் இல்லாததால் காசநோய் என்று முடிவுகட்டுகிறார். வேறொரு மருத்துவர் வந்தால் இன்னும் சரியாகக் கணிக்கலாம் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் மருந்து கொடுக்கிறார். தற்செயலானது, ஆனால் செயலுக்கு உண்மையிலேயே அடிப்படையாக நிற்பது: இதற்குக் காண்ட் வைத்த பெயர் பிராக்மாட்டிக் நம்பிக்கை. அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் சொல்கிறார். ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்று பார்க்க அவரைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள், ஒரு காசுக்குத் துணிகிறவர் பத்துக் காசு என்றதும் தயங்குவார்.

காண்டுக்கு இந்த மருத்துவர் ஓரமாக வந்துபோகும் ஆள். நிச்சயமான அறிவு நடுவில் அமர்ந்திருக்க, இது விளிம்பில் கிடக்கிறது. பர்ஸும் ஜேம்ஸும் டூயியும் செய்தது, இந்த மருத்துவரைக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்ததுதான். விஞ்ஞானி, நீதிபதி, ஆசிரியர், எல்லோரும் இவர் நிலையில்தான் இருக்கிறோம். தெரிந்த மட்டில் நம்பிச் செயல்படுகிறோம், விளைவைப் பார்த்துத் திருத்துகிறோம்.

காண்டை பர்ஸ் அவ்வளவு ஆழமாகப் படித்தாரா?

தினமும் இரண்டு மணி நேரம், மூன்று வருடத்துக்கு மேல், நூல் கிட்டத்தட்ட மனப்பாடம் ஆகும்வரை படித்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1839-ல் பிறந்தவர், அப்பா பெஞ்சமின் பர்ஸ் ஹார்வர்டின் புகழ்பெற்ற கணிதப் பேராசிரியர். படித்ததோடு நிற்கவில்லை. காண்ட் 12 அடிப்படை வகைகளைச் சொன்னார், அவற்றைத் தருக்கத்திலிருந்து எடுத்த விதம் சரியில்லை என்று பர்ஸுக்குப் பட்டது, ஏனென்றால் அந்தத் தருக்கமே போதாது. 1867-ல் புதிய பட்டியல் போட்டார். பின்னாளில் அது மூன்றாகச் சுருங்கி நின்றது: தன்னளவில் இருக்கும் தன்மை, ஒன்றை ஒன்று மோதும் எதிர்வினை, இரண்டை இணைக்கும் விதி அல்லது பொருள்.

'தன்னளவிலான பொருள்' என்ற அறியமுடியாத பொருளை அவர் அடியோடு ஒதுக்கினார். சரி, அப்படியென்றால் உண்மை என்பது என்ன? விசாரிக்கிறவர்கள் அனைவரும் இறுதியில் வந்து சேரும்படி விதிக்கப்பட்ட கருத்து, அந்தக் கருத்தில் காட்டப்படுவது மெய்ம்மை என்று 1878-ல் எழுதினார். காண்டிடம் அனுபவத்தை ஒன்றாகக் கட்டிவைப்பது 'நான் சிந்திக்கிறேன்' என்ற தன்னுணர்வு. பர்ஸிடம் அந்த வேலையைச் செய்வது எல்லையில்லாத ஒரு விசாரணைச் சமூகம். 'நான்' போய் 'நாம்' வந்தது, அந்த 'நாம்' இன்னும் பிறக்காதவர்களையும் சேர்த்தது. எனக்கு பர்ஸிடம் மிகவும் பிடித்த இடம் இது.

ஹெகல் விஷயத்தில் அவர் நிலை கொஞ்சம் சிக்கலானது. இளமையில் பிடிக்காது. வயதாக ஆக, தன் தத்துவம் ஹெகலை வேறு விசித்திர உடையில் மறுபடி உயிர்ப்பிக்கிறது என்று எழுதுமளவுக்கு வந்தார். ஆனால் ஹெகல் மூன்றாவது வகையை, அதாவது பொதுவிதியை, வைத்தே உலகம் முழுவதையும் கட்டிவிடலாம் என்று நினைத்தார், மோதித் தடுக்கும் அந்த இரண்டாவதை விட்டுவிட்டார் என்பது பர்ஸின் குறை. ஷெல்லிங்கிடம் அவருக்கு அப்படியொரு மனத்தடை இல்லை. ஷெல்லிங்கின் தத்துவத்தை நவீன இயற்பியல் வெளிச்சத்தில் மாற்றியதுதான் உன் தத்துவம் என்று சொன்னால் வருத்தப்படமாட்டேன் என்று ஜேம்ஸுக்கு 1894-ல் கடிதம் எழுதினார்.

இந்த ஜெர்மன் தத்துவமெல்லாம் அமெரிக்காவுக்கு எந்த வழியாகப் போனது?

பல வழிகள். ஒன்று இங்கிலாந்து வழி. கவிஞர் கோல்ரிட்ஜ் காண்டையும் ஷெல்லிங்கையும் படித்துத் தன் வழியில் எழுதியதை, வெர்மான்ட் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் மார்ஷ் 1829-ல் நீண்ட முன்னுரையோடு அமெரிக்காவில் பதிப்பித்தார். எழுத்தாளர் எமர்சனின் வட்டாரம் அதைப் படித்தது. ஐம்பது ஆண்டு கழித்து அதே வெர்மான்டில் டூயி என்ற மாணவரும் அதைப் படித்தார்.

எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு வழி, மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம். ஹென்றி பிராக்மெயர் என்ற பிரஷ்யக் குடியேறி, இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்தவர், இடையில் காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்தவர், ஹெகலின் பெரிய தருக்க நூலை ஆங்கிலத்தில் பெயர்க்க உட்கார்ந்தார். அது அச்சாகவே இல்லை, கையெழுத்துப் பிரதியாகவே கைமாறிச் சுற்றியது. பிற்காலத்தில் அவர் மிசௌரியின் துணை ஆளுநரும் ஆனார். அவரைச் சுற்றி வந்த கூட்டத்தில் டபிள்யூ. டி. ஹாரிஸ் என்ற பள்ளி ஆசிரியர் முக்கியமானவர். 1866-ல் தத்துவச் சங்கம் ஆரம்பித்தார்கள், 1867-ல் ஹாரிஸ் ஒரு தத்துவக் காலாண்டிதழ் தொடங்கினார். தத்துவத்துக்கென்றே நடந்த இதழ் அமெரிக்காவில் அதற்குமுன் இருந்ததில்லை. அதே ஹாரிஸ் செயின்ட் லூயிஸ் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில்தான், 1873-ல், சூசன் புளோ அந்நகரத்தில் அரசுப் பள்ளியோடு இணைந்த முதல் மழலையர் வகுப்பைத் தொடங்கினார். ஜெர்மானியரான ஃபிரோபெல் வகுத்த முறை அது.

பேராசிரியர் பதவி எதுவும் இல்லாத இந்தக் கூட்டத்தின் இதழில்தான் பர்ஸின் 1868 கட்டுரைகள் வந்தன. அவற்றில் ஒன்றில், நமக்கு முன்னறிவு எதன் துணையும் இல்லாமல் நேரடியாக ஒன்றை அறியும் சக்தி உண்டா என்று கேட்டு, இல்லை என்று நிறுவப் பார்க்கிறார். அதற்கு வாசகருக்கு ஒரு வேலை கொடுக்கிறார். இந்த இதழின் அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கம் தெரிய மேசையில் வையுங்கள், இடது ஓரத்தில் ஒரு காசு, வலப்பக்கம் ஒரு காசு. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடப்பக்கக் காசையே பாருங்கள், வலப்பக்கக் காசை மெதுவாக இடது பக்கம் நகர்த்துங்கள். ஓரிடத்தில் அந்தக் காசு காணாமல் போகும், ஆனால் அந்த இடத்தில் ஓட்டை தெரியாது. விழித்திரையில் ஒரு குருட்டுப்புள்ளி இருக்கிறது, இத்தனை நாள் நாம் முழுசாகப் 'பார்த்ததாக' நினைத்தது மனம் இட்டு நிரப்பியது. ஹெகல் 'இப்போது இரவு' என்று எழுதிவைக்கச் சொன்ன இடத்துக்குப் பர்ஸ் இரண்டு காசோடு வந்து சேர்கிறார்.

ஜேம்ஸுக்கு ஹெகலைக் கண்டால் ஆகாதே, அவரை எப்படி இந்தக் கதையில் சேர்ப்பது?

ஆகாதுதான். 1882-ல் ஹெகலியத்தைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதினார், அதன் பின்குறிப்பில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்தபோது எல்லா முரண்களும் ஒன்றாகக் கரைந்துபோன அனுபவத்தையும் சொன்னார். 1898-ல் பெர்க்லியில் பேசும்போதுதான் 'பிராக்மாட்டிசம்' என்ற பெயரை முதன்முதலாக மேடையில் பயன்படுத்தினார். அதே உரையில், தத்துவம் முன்னேறும் பாதை காண்டுக்குள் புகுந்து போவதில்லை, காண்டைச் சுற்றிக்கொண்டு போவது என்றும் சொன்னார். 1907-ல் வந்த நூலை ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குக் காணிக்கையாக்கினார். தன்னை ஆங்கிலேய அனுபவவாதிகளின் வாரிசாகவே பார்த்தார்.

ஆனால் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். இளமையில் மனச்சோர்வில் மூழ்கிக் கிடந்த ஜேம்ஸ், 1870 ஏப்ரலில் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனுவியேவைப் படித்துவிட்டு நாட்குறிப்பில், சுதந்திர விருப்பத்தின் என் முதல் செயல் அதை நம்புவதுதான் என்று எழுதினார். ரெனுவியே காண்டைத் தன் வழியில் திருத்தி எழுதியவர். கோட்பாட்டால் நிரூபிக்க முடியாததை வாழ்வதற்காக ஏற்கலாம் என்ற அந்த வாசலைத் திறந்தவர் காண்ட். சுற்றிக்கொண்டு போகிறேன் என்றவர் கிளம்பிய இடமே அந்த வீட்டுத் திண்ணை என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டாவது இடம் ராய்ஸ்.

ராய்ஸ் யார்?

ஜோசையா ராய்ஸ், 1855-ல் கலிபோர்னியாவின் சுரங்க ஊரான கிராஸ் வேலியில் பிறந்தவர், ஜெர்மனியில் தத்துவவாதி லோட்ஸேயிடம் படித்தவர், ஹார்வர்டில் ஜேம்ஸின் சக ஆசிரியர். ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரே தெருவில் இருவருக்கும் வீடு. நெருங்கிய நண்பர்கள். 1903-ல் இருவரும் ஒரு கல்சுவரில் உட்கார்ந்திருக்க ஜேம்ஸின் மகள் படம் எடுத்தபோது, ஜேம்ஸ் 'ராய்ஸ், உன்னைப் படம் எடுக்கிறார்கள்! முழுமுதல் நாசமாய்ப் போக!' என்று கத்தினாராம். முழுமுதல் என்பது எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே பேரறிவு, ராய்ஸ் தத்துவத்தின் மையம்.

அந்த முழுமுதலை ராய்ஸ் நிறுவிய விதம்தான் ஜேம்ஸைச் சில வருடம் தூங்கவிடவில்லை. 1885-ல் வந்த வாதம் இது: தவறு என்பது நடக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. என் நண்பனைப் பற்றி நான் தவறாக நினைக்கிறேன் என்றால், என் எண்ணம் அவனைக் குறிக்கவும் வேண்டும், அவனோடு பொருந்தாமலும் இருக்க வேண்டும். என் எண்ணத்தில் இருப்பது நான் நினைக்கிற நண்பன் மட்டுமே, அவனோடு என் எண்ணம் எப்போதும் பொருந்தத்தான் செய்யும். அப்படியானால் என் எண்ணத்தையும் உண்மையான நண்பனையும் சேர்த்துப் பார்த்து ஒப்பிடுகிற, என்னைவிடப் பெரிய ஒரு எண்ணம் இருந்தால்தான் தவறு என்பதே சாத்தியம். எல்லாத் தவறுகளுக்கும் சேர்த்து யோசித்தால், எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே எண்ணம். அதுதான் முழுமுதல்.

உடைக்க எளிதான வாதம் இல்லை இது. ஜேம்ஸ் கண்டுபிடித்த பதிலை 1904-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பார்க்கலாம். நான் என் நூலகத்தில் உட்கார்ந்து, பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கும் மெமோரியல் ஹால் கட்டடத்தை நினைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனசில் இருப்பது பெயராகவோ மங்கலான படமாகவோ இருக்கலாம். அது அந்தக் கட்டடத்தைத்தான் குறிக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? என்னால் உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியும், வழியில் ஒவ்வொரு திருப்பமும் என் எண்ணத்தின் தொடர்ச்சியாக இருக்கும், போய்ச் சேர்ந்ததும் 'இதுதான்' என்பேன். எண்ணத்துக்கும் பொருளுக்கும் நடுவே பாலம் போட மேலேயிருந்து ஒரு பேரறிவு தேவையில்லை, நடந்துபோகிற வழியே பாலம். ஜேம்ஸின் உண்மைக் கொள்கையின் கரு இது. ஒரு ஹெகலிய வாதத்துக்குப் பதில் தேடியதில் கிடைத்தது.

டூயி ஹெகலை எப்போது விட்டார்?

விட்டார் என்பதைவிட மெல்ல மெல்ல நகர்ந்தார் என்பது சரி. 1882-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அங்கே ஜார்ஜ் சில்வெஸ்டர் மோரிஸ் என்ற ஹெகலியர் ஆசிரியர். பர்ஸும் அப்போது அங்கே தருக்கம் கற்பித்துக்கொண்டிருந்தார், கணிதமாக இருந்த அந்த வகுப்பு டூயிக்கு அன்று ஒட்டவில்லை. 1884-ல் முடித்த முனைவர் ஆய்வு காண்டின் உளவியல் பற்றியது, அதன் பிரதி கிடைக்கவில்லை. பிறகு மிச்சிகன், 1894 முதல் சிகாகோ.

அவருக்கு ஹெகல் எதற்குத் தேவைப்பட்டார் என்பதை 1930-ல் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில் மனம்திறந்து சொல்கிறார். நியூ இங்கிலாந்து வளர்ப்பு அவரிடம் நான் வேறு உலகம் வேறு, ஆன்மா வேறு உடல் வேறு, கடவுள் வேறு இயற்கை வேறு என்று கூறுபோட்டு வைத்திருந்தது, அது உள்ளுக்குள் ஒரு வலியாகவே இருந்தது. ஹெகல் அவற்றை இணைத்தபோது கிடைத்தது வெறும் கோட்பாடு இல்லை, பெரிய விடுதலை என்கிறார். பின்னாளில் ஹெகலின் கட்டுமானம் செயற்கையாகத் தெரிந்தது, ஆனால் அவர் தன் சிந்தனையில் நிரந்தரமாகப் படிந்துவிட்டதை ஒப்புக்கொள்கிறார்.

அந்தப் படிவை நேரில் பார்க்க 1896-ல் அவர் எழுதிய உளவியல் கட்டுரைக்குப் போகலாம். குழந்தை மெழுகுவத்திச் சுடரைப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சுடுகிறது, கையை இழுத்துக்கொள்கிறது. அன்றைய உளவியல் இதை வெட்டிவெட்டிச் சொன்னது: ஒளி தூண்டல், கை நீட்டுவது எதிர்வினை, சூடு அடுத்த தூண்டல், இழுப்பது அடுத்த எதிர்வினை. டூயி மறுக்கிறார். தொடக்கத்திலேயே இருப்பது ஒளி இல்லை, பார்த்தல் என்ற செயல், கழுத்தும் கண்ணும் திரும்பிச் செய்கிற வேலை. கை நீட்டும்போதும் பார்த்தல் நிற்கவில்லை, கையை வழிநடத்துகிறது. சுட்டபிறகு புதிதாக ஒன்று வந்து ஒட்டிக்கொள்வதில்லை, முன்பு பார்த்த அதே சுடர் இப்போது 'தொட்டால் சுடும் சுடர்' ஆகிவிட்டது. பார்த்தலின் பொருளே வளர்ந்துவிட்டது. எது தூண்டல், எது எதிர்வினை என்பது அந்த முழுச் செயலுக்குள் பிரியும் பங்குகள், தனித்தனித் துண்டுகள் கிடையாது.

ஹெகலின் பெயர் அதில் தேவைப்படவே இல்லை. ஆனால் பிரிந்து தெரிகிற இரண்டும் ஒரே முழுமையின் கட்டங்கள், ஒவ்வொரு கட்டமும் முந்தையதை மாற்றித் தனக்குள் வைத்துக்கொள்கிறது என்ற அசைவு முழுக்க ஹெகலுடையது. இடம் மட்டும் மாறியிருக்கிறது: உலக வரலாற்றிலிருந்து ஒரு குழந்தையின் கைக்கு. டூயியின் கல்விக் கொள்கை, 'செய்து கற்றல்' என்று நம் ஆசிரியர் பயிற்சியில் சொல்வது, இதிலிருந்து நேராக வருகிறது. அதைக் கைவேலை வகுப்பு என்று சுருக்கிப் புரிந்துகொள்வது டூயிக்குச் செய்யும் அநியாயம்.

மீட்?

1888 கோடையில் ஜேம்ஸ் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டு ஆசிரியர், அதற்குமுன் ராய்ஸின் மாணவர், பிறகு லைப்சிக்கும் பெர்லினும். ஒருவர் தன்னைத் 'தான்' என்று உணர்வதே மற்றவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பதை ஏற்று நடிப்பதால்தான் என்றார். தன்னுணர்வு இன்னொரு தன்னுணர்வு ஏற்றுக்கொண்டால்தான் முழுமையாகும் என்ற ஹெகலின் வாதத்தை, குழந்தைகளின் விளையாட்டிலும் சைகையிலும் வைத்துச் சொன்னது இது.

எல்லாவற்றையும் ஜெர்மன் கணக்கிலேயே எழுதிவிடலாமா? டார்வின் எங்கே?

எழுதக்கூடாது. 1872 வாக்கில் கேம்பிரிட்ஜில் பர்ஸ், ஜேம்ஸ், பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியான ஹோம்ஸ், சான்சி ரைட் எல்லோரும் கூடிப் பேசிய வட்டத்தில் டார்வின்தான் பெரிய பேச்சு. நம்பிக்கை என்பது ஒருவர் எதை வைத்துச் செயல்படத் தயாரோ அது என்ற ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெய்னின் வரையறையிலிருந்து பிராக்மாட்டிசம் கிட்டத்தட்டத் தானாகவே வந்துவிடும் என்று பர்ஸ் எழுதியிருக்கிறார். டார்வினும் பெய்னும் இல்லாமல் காண்டிலிருந்தும் ஹெகலிலிருந்தும் மட்டும் பிராக்மாட்டிசம் வந்திருக்காது. இன்னும் சொன்னால், அந்த உத்தரவாதத்தைக் கைவிடும் துணிச்சலைக் கொடுத்ததே டார்வின்தான்: வளர்ச்சி உண்டு, முன்கூட்டி எழுதிவைத்த முடிவு இல்லை.

அந்த 'உத்தரவாதம்' என்று சொல்வதைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

காண்டின் வகைகள் எல்லா மனிதர்களுக்கும் எக்காலத்துக்கும் ஒன்றே, ஆகவே அறிவியல் ஆட்டம் காணாது. ஹெகலிடம் ஒவ்வொரு முரணும் அதைவிட உயர்ந்த நிலையில் தீர்ந்தே ஆகும், ஆகவே வரலாறு வீண்போகாது. ராய்ஸிடம் நம் எல்லாத் தவறும் ஒரு பேரறிவில் ஏற்கனவே திருத்தப்பட்டுவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு ஆறுதல்.

பர்ஸ் 1878-ல் 'விதிக்கப்பட்ட' கருத்து என்று எழுதினார், பின்னாளில் அதையே நம்பிக்கையோடு எதிர்பார்ப்பது என்று தளர்த்திக்கொண்டார். விசாரணை ஒருநாள் முடியும் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் அப்படி எதிர்பார்க்காமல் விசாரிக்கவும் முடியாது. டூயிக்கு அந்த இறுதிப்புள்ளியும் தேவைப்படவில்லை, இந்தச் சிக்கல் தீர்ந்து அடுத்தது தொடங்கினால் போதும். அமெரிக்கத் தத்துவவாதி சி. ஐ. லூயிஸ் 1929-ல், வகைகளை மனம்தான் கொண்டுவருகிறது என்ற காண்டின் கருத்தை ஏற்று, ஆனால் அவற்றை நம் தேவைக்கேற்ப நாம் தேர்ந்தெடுக்கிறோம், மாற்றவும் செய்கிறோம் என்றார்.

இது ஒரு இழப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காண்டின் மருத்துவர் உத்தரவாதம் கிடைக்கும்வரை காத்திருந்தால் நோயாளி பிழைக்கமாட்டார்.

முதல் உலகப்போரின்போது டூயி ஜெர்மன் தத்துவத்தையே குற்றம்சாட்டினாரே?

ஆமாம், 1915-ல் ஒரு சிறுநூல். குற்றம் ஹெகல்மேல் இருக்கும் என்று எதிர்பார்ப்போம், டூயி காண்டிடமே போகிறார்: அறிவியல் உலகம் ஒன்று, கடமை உலகம் ஒன்று என்று காண்ட் பிரித்ததால், கடமைக்கு உள்ளடக்கம் இல்லாமல் போய், அந்த வெற்றிடத்தில் அரசின் கட்டளை வந்து உட்கார்ந்தது என்கிறார். வாதம் கூர்மையானது, ஆனால் ஒரு போருக்கான காரணத்தை இவ்வளவு நேராக ஒரு நூலிலிருந்து இழுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. 1942-ல் ஹிட்லர் பற்றிப் புதிய முன்னுரையோடு அதை மறுபடி வெளியிட்டார்.

நம் ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

அம்பேத்கர் வழியாக உண்டு. 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது டூயி அவருக்கு ஆசிரியர். ஜனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டுமில்லை, முதன்மையாகக் கூடிவாழும் முறை, அனுபவங்களைத் தங்களுக்குள் பகிர்ந்து வாழ்வது என்ற டூயியின் 1916 வரிகள், 1936-ல் சாதி ஒழிப்பு பற்றிய அம்பேத்கரின் உரையில் அப்படியே வருகின்றன, அதே உரையில் ஆசிரியருக்குத் தான் பட்ட கடனையும் சொல்கிறார். அந்த உரை பெரியாரின் குடிஅரசு வழியாகத் தமிழுக்கும் வந்தது. மனிதன் தனியாக மனிதனாவதில்லை, சமூக உறவில்தான் ஆகிறான் என்பது டூயிக்கு ஹெகலிடமிருந்து வந்தது. அம்பேத்கர் அதைச் சாதியின்மேல் திருப்பியபோது அது பெர்லினிலோ சிகாகோவிலோ அதற்கு இல்லாத கூர்மையைப் பெற்றது.

இன்றைக்கு இந்த உறவு எந்த நிலையில் இருக்கிறது?

உயிரோடு இருக்கிறது. அமெரிக்கத் தத்துவவாதி வில்ஃபிரிட் செல்லர்ஸ் 1956-ல், எந்தக் கருத்தின் துணையும் இல்லாமல் புலன்கள் நேரடியாக அறிவைத் தந்துவிடுகின்றன என்ற நம்பிக்கையை ஒரு தொன்மம் என்றார். ஹெகலின் 'இப்போது இரவு', பர்ஸின் காசுகள், மறுபடி அதே இடம். ரிச்சர்ட் ரோர்ட்டி டூயியையும் ஹெகலையும் சேர்த்தே படித்தார். அவர் மாணவர் ராபர்ட் பிராண்டம் 1994-ல், ஒன்றைச் சொல்வது என்றால் அதற்குக் காரணம் கேட்கவும் கொடுக்கவும் பொறுப்பேற்பது என்று பெரிய நூல் எழுதினார், 2019-ல் ஹெகல் பற்றி அதைவிடப் பெரியதாக ஒன்று. ஜெர்மனியிலும் ஆப்பல், ஹாபர்மாஸ் இருவரும் பர்ஸையும் மீடையும் படித்துத் தங்கள் உரையாடல் கொள்கையைக் கட்டினார்கள்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஹெகலிலிருந்து வேண்டாம், முதல் வாரத்திலேயே மூடி வைத்துவிடுவீர்கள். டூயியின் 1930 தன்வரலாற்றுக் கட்டுரை சின்னது, மொழி எளிது, ஒருவர் எதற்காக ஒரு தத்துவத்துக்குள் போகிறார், எதற்காக வெளியே வருகிறார் என்பது தெரியும். அப்புறம் பர்ஸின் 1868 கட்டுரை, காசுகளை மேசையில் வைத்துக்கொண்டே படியுங்கள். காண்டின் நூலை முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்கள் அந்த மருத்துவர் வரும் பகுதியை மட்டுமாவது தேடிப் படிக்கலாம், கருத்து, நம்பிக்கை, அறிவு மூன்றையும் பிரித்துப் பேசும் இடத்தில், நூலின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது.